பயனாளி தலையசைத்தார்

வேம்பாரிலிருந்து வந்த கருப்பட்டிப் பெட்டிக்குள் ஒரு தேனீ இருந்தது. அது வன்னியபெருமாளைக் காதுக்குப் பின்னால் கொட்டியது. கொட்டியது ஒன்றுதான், அடித்தவர்கள் பதினோரு பேர்.

வன்னியபெருமாளுக்குத் தூத்துக்குடியில் கருப்பட்டிக் கிட்டங்கி. கிட்டங்கி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓலைப்பெட்டிகளை அடுக்கி வைக்கிற நீளமான ஓட்டுக் கட்டடம், ஒரு தராசு, ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். கருப்பட்டி இருக்கிற இடத்துக்குத் தேனீ வரத்தான் செய்யும். சிறுவயதிலிருந்து அவர் எத்தனையோ கொட்டு வாங்கியிருக்கிறார். சுண்ணாம்பைத் தடவிவிட்டு வேலையைப் பார்ப்பார். அன்றைக்கு என்னவோ உடம்பு முழுக்கத் தடித்து, உதடு வீங்கி, கண் சொருகித் தரையில் விழுந்து வெட்டி வெட்டி இழுத்தார்.

ஊரில் கோயில் கொடைத் திருவிழா முடிந்து நாலு நாள்கூட ஆகவில்லை. அதனால் மூட்டை தூக்குகிறவர்களுக்கு நோய் என்ற நினைப்பே வரவில்லை. "அண்ணாச்சிக்குச் சாமி வந்துட்டு!" என்று கத்தினான் அவர்களின் தலைவன் சுடலைராஜ். "யாரு வந்திருக்கது? பேரைச் சொல்லு!" என்று கேட்டான். நாக்குத் தடித்தவர் பேரை எப்படிச் சொல்லுவார்? பேர் சொல்லாத சாமி நல்ல சாமியில்லை என்று முடிவு கட்டி, பனைமட்டையை எடுத்து முதுகில் விளாசினார்கள். மிளகாய் வற்றலைக் கொளுத்தி மூக்கில் புகை காட்டினார்கள். மூச்சுவிடத் தவித்துக்கொண்டிருந்த மனிதருக்கு அந்தப் புகை எப்படி இருந்திருக்கும் என்று யாராவது நினைத்துப் பார்த்தார்களா? இல்லை. பாசத்தில் அடித்தார்கள். பாசத்தில் அடிக்கிறவன் சீக்கிரம் நிறுத்தவும் மாட்டான்.

மதியச் சாப்பாட்டோடு வந்த அவர் மனைவி செண்பகம் வாசலிலேயே பார்த்துவிட்டாள். நாலடுக்குத் தூக்குச்சட்டியைச் சுழற்றிச் சுடலைராஜின் மண்டையில் ஒரே போடாகப் போட்டாள். அவனுக்கு மூன்று தையல். ரசம் வழிகிற சேலையோடு புருஷனை லோடு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு, கடலோர ஒவ்வாமை ஒழிப்பு வாரியத்தின் மருத்துவமனைக்கு ஓட்டச் சொன்னாள். பத்து நிமிஷம் பிந்தியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

உயிரைப் பிடித்து நிறுத்தியவர் டாக்டர் ஜேசுபாதம். மூன்றாம் நாள் அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து விவரம் சொன்னார்.

"அண்ணாச்சி, அடுத்த கொட்டு உங்களைக் கொன்னுரும். அதனால தேனீ விஷத்தையே ஊசியா போடப் போறோம்."

"என்னைக் கொல்லப் பாத்ததையே திரும்ப ஏத்துதியளா?"

"துளியூண்டு. மொதல்ல வாரா வாரம், பொறவு மாசம் ஒண்ணு. உடம்பு பழகிக்கிடும். மூணு வருஷம் போடணும். அஞ்சுன்னா இன்னும் நல்லது."

"நடுவுல விட்டா?" என்று செண்பகம் கேட்டாள்.

"சீக்கிரம் விட்டா பழையபடி திரும்புறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. அஞ்சு வருஷம் முழுசா போட்டவங்கள்லயும் சில பேருக்குத் திரும்பும். யாருக்குன்னு என்னால சொல்ல முடியாதும்மா. அடுத்த தேனீதான் சொல்லும்."

செண்பகத்துக்கு அவர் இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தார். அவசரத்துக்கு அட்ரினலின் மருந்தை உறிஞ்சித் தொடையில் குத்துவது எப்படி என்று. அவள் ஒரு வாரம் கத்தரிக்காயில் குத்திப் பழகினாள். மில்லர்புரத்திலிருந்த அவர்கள் வீட்டில் அந்த வாரம் முழுவதும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்புதான். இரண்டு மருந்துக் குப்பிகளும் இரண்டு சிரிஞ்சும் ஒரு சோப்பு டப்பாவுக்குள் ஏறி, அவள் இடுப்பிலேயே குடியிருந்தன.

ஊசி வேலை செய்தது. பத்தாவது மாதம் ஒரு தேனீ அவருடைய புறங்கையில் கொட்டியது. கிட்டங்கியில் எல்லோரும் உறைந்து நின்றார்கள். செண்பகம் சிரிஞ்சோடு தொடையைக் குறிபார்த்துக்கொண்டே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பாக்கு அளவுக்கு ஒரு வீக்கம், அவ்வளவுதான். வன்னியபெருமாள் அன்று அழுதார். கருப்பட்டியை விட்டுவிட்டு வேறு தொழில் அவருக்குத் தெரியாது. இனி விட வேண்டியதில்லை என்று தெரிந்த அழுகை அது.

பதின்மூன்றாம் மாத ஊசிக்குப் போனபோது மருத்துவமனை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. நர்ஸ் இசக்கிசெல்வி ஊசி போடுவதற்குப் பதிலாக அவர் சட்டையில் ஒரு ரோஜாப்பூவைக் குத்தினாள். பூவின் ஊக்கு நெஞ்சில் ஏறி ரத்தம் வந்தது. இருநூறு பேரை வரிசையில் நிறுத்தி மேடையில் ஏற்றினார்கள். வாரியத் தலைவர் கிருபாநிதி ஒலிபெருக்கியின் முன்னால் வந்தார். அவர் மருத்துவர் இல்லை. எந்த வாரியத்துக்கும் தலைவராக இருக்கிற தகுதி மட்டும் உள்ளவர். இதற்கு முன்பு கைத்தறிக்கும் அதற்கு முன்பு கோழி வளர்ப்புக்கும் தலைவராக இருந்தார்.

"பெரியோர்களே! ஆண்டு நிறைவுக்குள் ஒவ்வாமை இல்லாக் கடலோரம் என்று வாக்குக் கொடுத்தோம். ஆண்டு நேற்றோடு நிறைந்துவிட்டது. ஆகவே ஒவ்வாமையும் நிறைந்துவிட்டது. சிலர் மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்கிறார்கள். நல்ல மருந்து என்றால் ஒரு வருஷத்தில் கேட்க வேண்டாமா? ஐந்து வருஷம் போட்டால்தான் கேட்கும் என்றால் அது மருந்துக்கு அவமானம் இல்லை, எனக்கு அவமானம்! ஒரு நோயாளியை ஐந்து வருஷம் நோயாளியாகவே வைத்திருக்க என் மனம் இடம் கொடுக்காது. இன்று முதல் நீங்கள் அனைவரும் குணமடைந்தவர்கள். மறுப்பவர்கள் நன்றி கெட்டவர்கள்."

ஜேசுபாதம் எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இது தப்பு சார், இப்ப நிறுத்துனா" என்பதுவரைதான் கேட்டது. இரண்டு காவலாளிகள் ஒலிபெருக்கியை அவர் கையிலிருந்து பிடுங்கிய வேகத்தில் அது அவர் வாயிலேயே இடித்து முன்பல் ஒன்று உடைந்தது. பல் விழுந்த சத்தம் ஒலிபெருக்கியில் நன்றாகக் கேட்டது. மக்கள் பட்டாசு என்று நினைத்துக் கைதட்டினார்கள். மறுநாள் டாக்டரைப் பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்கு மாற்றினார்கள். வன்னியபெருமாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட நிறைவுச் சான்றிதழ் கிடைத்தது.

அடுத்த எட்டு மாதம் அவர் வாரிய அலுவலகத்துப் படியைத் தேய்த்தார். ஒரு தடவை செண்பகமும் கூடப் போனாள். கண்காணிப்பாளர் செந்தூர்வேல் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பேசினார்.

"உங்க பேரு குணமடைஞ்சவங்க லிஸ்ட்ல இருக்கு. அதுல இருந்து வெளிய வரணும்னா ஒவ்வாமை இன்னும் இருக்குன்னு நிரூபிக்கணும்."

"எப்படி சார் நிரூபிக்க?" என்றார் வன்னியபெருமாள்.

"தேனீ கொட்டணும்."

"கொட்டி எனக்கு ஒண்ணும் ஆகலன்னா?"

"குணமாயிட்டீங்க. ஊசி கிடையாது."

"ஏதாவது ஆயி, பொழைச்சிக்கிட்டேன்னா?"

"பொழைச்சிட்டீங்கல்ல? சிகிச்சையோட பயன் நீடிக்குதுன்னு அர்த்தம். ஊசி கிடையாது."

"செத்துட்டேன்னா?"

"அப்ப உங்க கோரிக்கை நியாயம்தான்," என்று செந்தூர்வேல் ஒப்புக்கொண்டார். "உடனே ஊசி சாங்ஷன் ஆயிரும். ஆனா மனுதாரர் நேர்ல வந்து கைரேகை வைக்கணும்."

செண்பகம் மேசையைத் தாண்டிக் கையை நீட்டி அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடாவைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினாள். "எங்க வீட்டுக்காரவிய மூச்சு இப்படித்தாம்ல நிக்கும்! தெரியுதா? இப்படித்தான்!" செந்தூர்வேலின் கண் பிதுங்கியது. காவலாளிகள் ஓடி வந்தார்கள். செண்பகத்தின் மேல் கை வைக்கப் பயந்து, ஒரு பாவமும் செய்யாத வன்னியபெருமாளைத் தூக்கிப் பதினான்கு படிகளிலும் உருட்டிவிட்டார்கள். முழங்கை இரண்டும் தோலுரிந்து வீட்டுக்கு வந்தார். அன்று மாலையே வாரியத்திலிருந்து செல்போனுக்குச் செய்தி வந்தது: 'எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா?'

அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து ஒரு கேள்வி வந்து சேர்ந்தது. சிகிச்சையைச் சீக்கிரம் நிறுத்தியவர்களுக்குப் பயன் நீடிக்கிறதா என்பதே கேள்வி. இருநூறு பேரையும் சோதித்துப் பார்த்துப் பதில் எழுதலாம். அது வேலை. விழா எடுத்துப் பதில் சொல்வது சுலபம். ஒரு பயனாளியை மேடையில் நிறுத்தித் தேனீயால் கொட்டவைத்து, ஒன்றும் ஆகவில்லை என்று காட்டிவிடலாம் என்று கிருபாநிதி முடிவு செய்தார். பயனாளியைத் தேட வேண்டியதே இல்லை. தினமும் படியில் உட்கார்ந்திருக்கிறாரே!

கடிதம் வந்தது. 'செயல்விளக்கத்துக்குப் பின் தங்கள் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்படும்' என்ற வரியை வன்னியபெருமாள் ஏழு தடவை வாசித்தார்.

"வேண்டாங்க," என்றாள் செண்பகம்.

"ஏளா, ஆசுபத்திரிக்குள்ளயே நடக்கு. டாக்டர்மாரு இருப்பாவ. எல்லாரு கண்ணு முன்னாலயும் வீங்குனா இல்லன்னு சொல்ல முடியுமா? ஊசிய திரும்பப் போட்டுத்தான ஆகணும். கிட்டங்கியில யாரும் இல்லாதப்ப கொட்டிச் சாகதுக்கு இது தேவலை."

அவள் சோப்பு டப்பாவைத் திறந்து குப்பிகளின் தேதியைப் பார்த்துவிட்டு மூடினாள்.

தேனீ கொள்முதலுக்கு டெண்டர் விட்டார்கள். ஒற்றைத் தேனீ சப்ளை செய்ய யாரும் முன்வராததால் ஆத்தூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெட்டி முழுக்க வந்து மேடையில் ரீங்காரம் போட்டது. அதன்மேல் மாலை போட்டிருந்தார்கள். கிட்டங்கி ஆட்கள் பதினோரு பேரும் அண்ணாச்சிக்காக முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜேசுபாதத்தைச் சாப்பாட்டு டோக்கன் கிழிக்கிற இடத்தில் போட்டிருந்தார்கள்.

வன்னியபெருமாள் மேடையில் ஏறியதும் இசக்கிசெல்வி வெள்ளிச் செம்பிலிருந்து பன்னீரை அவர் தலையில் தெளித்தாள். தெளித்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அரைச்செம்பு கொட்டிவிட்டது. காதுக்குள் தண்ணீர் போகவே அவர் தலையை உதறினார்.

"பயனாளி தலையசைத்துச் சம்மதம் தெரிவித்துவிட்டார்!" என்று கிருபாநிதி ஒலிபெருக்கியில் முழங்கினார். செந்தூர்வேல் அதைக் குறித்துக்கொண்டார்.

வன்னியபெருமாளுக்கு அப்போதுதான் கொடைக் கிடாய் ஞாபகம் வந்தது. ஊர்க் கொடையில் கிடாயின் கயிற்றைப் பிடிப்பது அவர் குடும்பத்து உரிமை. இருபது வருஷமாக அவர்தான் பிடிக்கிறார். மஞ்சள் தண்ணீரைக் கிடாயின் தலையில் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்துத் தலையை உதறினால் வெட்டுக்குச் சம்மதம் சொல்லிவிட்டது என்று கணக்கு. குலவை கிளம்பும், அரிவாள் இறங்கும், கயிற்றோடு உடம்பு மட்டும் அவர் கையில் துள்ளும். உதறாத கிடாயை அவர் பார்த்ததே இல்லை. காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் உதறத்தான் செய்யும் என்று இருபது வருஷத்தில் ஒருநாள்கூட அவருக்குத் தோன்றியதும் இல்லை.

"எனக்குச் சம்மதம் இல்ல, நான் தண்ணியத்தான்" என்று ஆரம்பித்தார். ஒலிபெருக்கி பக்கத்தில் இல்லை. இரண்டு காவலாளிகள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிடியைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துபோயிற்று. தொழில் தெரிந்த பிடி.

ஒரு தேனீயைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்து முன்கையில் கவிழ்த்தார்கள். அது கொட்டவில்லை. தம்ளருக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அந்த மேடையில் நிதானமாக இருந்த ஒரே உயிர் அதுதான். கிருபாநிதிக்குப் பொறுக்கவில்லை. தம்ளரை விரலால் சுண்டினார், பிறகு தட்டினார், பிறகு ஓங்கிக் குத்தினார். தம்ளர் உடைந்து கண்ணாடி வன்னியபெருமாளின் கையைக் கிழித்தது. தேனீ மேடையில் ஏற்றியிருந்த குத்துவிளக்கில் விழுந்து செத்தது. இரண்டாவது தேனீயைக் காவலாளி சிறகோடு பிடித்துக் கொண்டுவந்து தோலில் வைத்து அழுத்தினான். கொட்டியது.

கிருபாநிதி சபையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "எட்டு மாதமாக ஒரு சொட்டு மருந்தில்லை! பாருங்கள் இவரை! முகத்தில் என்ன பூரிப்பு!"

முகம் உண்மையிலேயே பூரித்துக்கொண்டிருந்தது. கண் இரண்டும் மூடிவிட்டன.

"பேச முடியாமல் நன்றியில் தவிக்கிறார்!"

தொண்டையிலிருந்து விசில் சத்தம் வந்தது.

"இதோ, என் காலில் விழுகிறார்! வேண்டாம் அய்யா, இது என் கடமை!"

சபை எழுந்து நின்று கைதட்டியது. செண்பகம் நாற்காலிகளின் மேல் ஏறி ஓடி வந்தாள். படியில் மறித்த காவலாளியின் கையைக் கடித்துச் சதையோடு துப்பினாள். மண்டியிட்டு, குப்பியை உடைத்து மருந்தை உறிஞ்சி, வேட்டியோடு சேர்த்துத் தொடையில் குத்தினாள். ஜேசுபாதம் டோக்கன்களை வீசிவிட்டு மேடைக்கு ஓடி வந்து, அவசர சிகிச்சைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே விருந்தினர்களுக்கான பொன்னாடைகள் மடித்து வைத்திருந்தன. அதில் நாலைச் சுருட்டி வன்னியபெருமாளின் காலுக்கடியில் வைத்து உயர்த்திவிட்டு நாடியைப் பிடித்தார். சில நிமிஷத்தில் விசில் சத்தம் மெல்லக் குறைந்தது. உதட்டின் நீலம் தெளிந்தது.

"இருக்காருமா," என்றார் டாக்டர். "ஆம்புலன்ஸ் வருது."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த கிருபாநிதி ஒலிபெருக்கியைப் பிடித்தார். "உயிரோடு இருக்கிறார்! தேனீ கொட்டியும் உயிரோடு இருக்கிறார்! பயன் நீடிக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இவரை ஒவ்வோர் ஆண்டும் இதே மேடையில்..."

ஒவ்வோர் ஆண்டும் என்ற சொல் செண்பகத்தின் காதில் விழுந்தது. அவள் மிச்சமிருந்த பொன்னாடைகளைப் புருஷன் மேல் தலையோடு போர்த்திவிட்டு எழுந்தாள். பன்னீர்ச் செம்பில் மீதி இருந்ததை எடுத்துக் கிருபாநிதியின் தலையில் கவிழ்த்தாள். அவர் திடுக்கிட்டு உடம்பைச் சிலிர்த்துத் தலையை உதறினார்.

"தலைய ஆட்டிட்டாவ!" என்று சபையைப் பார்த்துச் சொன்னாள் செண்பகம். "எல்லாரும் பாத்தியள்லா? சம்மதம் கிடைச்சிட்டு."

முன்வரிசையில் பழக்கதோஷத்தில் யாரோ குலவை போட்டார்கள். அவள் தேனீப் பெட்டியின் மூடியைத் திறந்து அவர் தலைமேல் கவிழ்த்தாள்.

பிறகு நடந்ததைச் செய்தித்தாள்கள் 'சிறு சலசலப்பு' என்று எழுதின. கிருபாநிதி ஒலிபெருக்கிக் கம்பத்தைச் சுழற்றித் தேனீக்களை அடித்தார். அடி செந்தூர்வேலின் தாடையில் விழுந்தது. செந்தூர்வேல் தடுமாறி விளக்கில் விழ, விளக்கு திரையில் சாய, திரை தீப்பிடித்தது. சபை வாசலுக்கு ஓடியது. கிருபாநிதியின் முகம் ஊதியது. பொத்தென்று விழுந்து வெட்டி வெட்டி இழுத்தார்.

பதினோரு பேரும் எழுந்தார்கள். தீப்பிடித்த திரையைப் பனையோலைத் தோரணத்தோடு இழுத்துக் கீழே தள்ளி மிதித்தார்கள். அறுந்த தோரணத்திலிருந்து சுடலைராஜ் ஒரு பனைமட்டையை உருவி எடுத்தான். மேடையில் ஏறினான்.

"யாரு வந்திருக்கது?" என்று கேட்டான். "பேரைச் சொல்லு!"

கிருபாநிதியால் பேர் சொல்ல முடியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்குப் பேச்சு வரவில்லை. மட்டை இறங்கியது. போன தடவை பட்ட மூன்று தையலுக்குப் பிறகும் சுடலைராஜ் தெரியாமல்தான் செய்தானா என்று போலீஸ் துருவித் துருவிக் கேட்டது. "சாமின்னு நெனச்சேன் சார், அவ்வளவு பெரிய ஆளு பாத்தியளா," என்பதற்கு மேல் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டாக்டர்தான் மட்டையைப் பிடுங்கி எறிந்தார். செண்பகத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். சோப்பு டப்பாவில் இன்னும் ஒரு குப்பி இருந்தது. அது அவள் புருஷனுக்கு மறுபடி மூச்சு முட்டினால் என்று வைத்திருந்தது. அவள் கிடந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

"தள்ளுங்க டாக்டரய்யா, நானே போடுதேன்," என்றாள். கத்தரிக்காயில் பழகிய கைதான். ஆனால் இந்தத் தடவை தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்திக் குத்தினாள்.

ஒரு மாதம் கழித்து வாரியம் புதிய ஆணை வெளியிட்டது. ஊசியை இடையில் நிறுத்துவது உயிருக்கு ஆபத்து என்று தலைவர் தம் சொந்த அனுபவத்தில் கண்டறிந்துள்ளதாகவும், ஆகவே தலைவருக்கு ஐந்து ஆண்டு முழுமையாகச் சிகிச்சை அளிக்கப்படும் என்றும் அதில் இருந்தது. ஜேசுபாதத்தைக் கோப்பு அறையிலிருந்து வெளியே எடுத்தார்கள், தலைவருக்கு ஊசி போட ஆள் வேண்டுமே! மற்ற இருநூறு பேரைப் பற்றி ஆணையில் ஒன்றும் இல்லை. அவர்கள் குணமடைந்தவர்கள்.

முதல் ஊசி நாளன்று வன்னியபெருமாளும் செண்பகமும் காத்திருக்கும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். எதிர் பெஞ்சில் கிருபாநிதி, முதுகு சாய முடியாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இசக்கிசெல்வி பட்டியலைப் பார்த்துத் தயங்கினாள்.

"அண்ணாச்சி, உங்க பேரு இதுல இல்லையே. குணமானத மேடையில நிரூபிச்சிட்டியளாமே. செந்தூர்வேல் சார் எழுதியிருக்காரு."

வன்னியபெருமாள் எழுந்துகொள்ளப் பார்த்தார். எட்டு மாதம் படி ஏறி இறங்கிய கால், எழுந்து பழகியிருந்தது. செண்பகம் அவர் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

வெயிலில் வந்த தாகம் அவளுக்கு. கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகினாள்.

கிருபாநிதி அதைப் பார்த்தார். தலை துளியும் அசையாதபடி கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்தார்.

"நர்ஸம்மா, முதல்ல அவருக்குப் போடுங்க."